பத்திரிகைக்கு மஞ்சள் தடவத் தெரியுமா?

உங்க வீட்டுல அக்காவுக்கோ அண்ணனுக்கோ கல்யாணம் நடந்திருக்கா? அப்படின்னா இந்த வேலை உங்களுக்கும் வந்திருக்கும். பிரஸ்ஸில் இருந்து பத்திரிகைக் கட்டு வந்து இறங்கும். பெரியம்மா ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைச்சு வெச்சிடுவாங்க. ஒருத்தர் மடிக்க, ஒருத்தர் நாலு மூலையிலும் மஞ்சள் தடவ, இன்னொருத்தர் கவரில் போட... கையெழுத்து நல்லா இருக்குங்கிற ஒரே குற்றத்துக்காக, பேர் எழுத உங்களை ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் உட்கார வெச்சிருப்பாங்க!

அந்த வேலையை வெச்சு ஒரு பம்ப் கம்பெனிக்குப் பாடம் எடுத்த கதையைத்தான் சொல்லப் போறேன். பாடம் எடுக்கப் போன இடத்தில் நான் வாங்கிக் கட்டிக்கிட்ட கதையும் இதுலயே வரும்.

42 ஸ்லைடு, ஒரு குறட்டை!

2014. கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் ஃபைனல் இயர் படிச்சுக்கிட்டிருந்தேன். புராஜெக்ட் தலைப்பு 'லீன் மேனுஃபேக்சரிங்'. தலைப்பே கெத்தா இருந்ததால எடுத்தேன். வேற காரணம் இல்லை.

லீன்னா ஒல்லி. உற்பத்தியில் இருக்கிற ஊளைச்சதையைக் குறைக்கிற வித்தை. எது ஊளைச்சதை? வாங்கறவர் எதுக்குக் காசு தர மாட்டாரோ, அது எல்லாமே. டொயோட்டா கம்பெனியில் தாய்ச்சி ஓனோங்கற இன்ஜினீயர் இதை ஏழு வகையாப் பிரிச்சார். தேவைக்கு மேல செய்யறது, காத்துக் கிடக்கறது, பொருளை இங்கேயும் அங்கேயும் தூக்கிட்டு அலையறது, வேண்டாத வேலையைச் செய்யறது, குவிச்சு வைக்கறது, வீணா நடக்கறது குனியறது, தப்பாச் செஞ்சு திரும்பச் செய்யறது. 'லீன்'ங்கிற பேர் ஜப்பான்காரங்க வெச்சதில்லை. 1988-ல் ஜான் கிராஃப்சிக் எழுதின ஒரு கட்டுரையில்தான் அந்தப் பேர் முதல்ல வந்தது. டிரைவர் இல்லாத கார் செய்யற 'வேமோ' கம்பெனிக்குப் பின்னாளில் தலைவரா இருந்தாரே, அவரேதான்.

இதையெல்லாம் 42 ஸ்லைடில் அடுக்கி எடுத்துக்கிட்டு, கணபதி பக்கம் ஒரு பம்ப் ஷெட்டுக்குப் போனேன். பதினாலு பேர் வேலை பார்க்கிற இடம். என்னைக் கூட்டிட்டுப் போனவர், பெரிய ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் இருந்துட்டு ரிட்டயர் ஆன ஒரு சார். எங்க புராஜெக்ட்டுக்கு வெளி கைடு.

கைசன், கன்பான், முடா, ஜிடோக்கா... ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ஸ்லைடு. பதினேழாவது ஸ்லைடில் குறட்டைச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தா, காஸ்டிங் பிரிவுப் பெரியவர் வாயைத் திறந்து தூங்கிட்டிருக்கார். நான் முடிச்சதும் ஓனர் எழுந்தார். "தம்பி, டொயோட்டாவுல காரு ஓடுது. எங்க ஷெட்டுல கரன்ட்டே ஓட மாட்டேங்குதுங்க!" மொத்த ஷெட்டும் சிரிச்சது. தூங்கினவர்கூட எழுந்து சிரிச்சார்.

திரும்பி வர்ற வழியில் டீக்கடையில் சார் கேட்டார். "நீ நீச்சல் எப்படிடா கத்துக்கிட்டே?"

"மாமா கிணத்துல தள்ளி விட்டார் சார்."

"ஸ்லைடு போட்டுக் காட்டலையா?"

டீ தொண்டையில் இறங்கலை.

கிணத்துல தள்ளு!

சார் சொன்னது இதுதான். சின்னக் கம்பெனிக்காரர் முட்டாள் இல்லை. அவர்கிட்ட சோதனை பண்ணிப் பார்க்க நேரமோ பணமோ இல்லை, அவ்வளவுதான். ஓடுற மெஷினை நிறுத்தி, ஆளுங்களை இடம் மாத்தி, ஒரு நாள் உற்பத்தி போச்சுன்னா அந்த வார சம்பளத்துக்கே ஆட்டம் காணும். அதனால நஷ்டம் வராத ஓர் இடத்தில் அவங்களே செஞ்சு, அவங்களே சொதப்பி, அவங்களே கண்டுபிடிக்கணும். பைலட்டுக்கு சிமுலேட்டர் இருக்கிற மாதிரி ஷெட்டுக்கும் ஒரு சிமுலேஷன். வெளிநாட்டுல லெகோ கட்டை, காகித ராக்கெட், காசுன்னு எதை எதையோ வெச்சு ஆடறாங்க. "நம்ம ஊருக்கு எது சரியா வரும், யோசி"ன்னு விட்டுட்டார்.

யோசிக்கவே வேண்டியிருக்கலை. ரெண்டு மாசத்துக்கு முன்னாடிதான் எங்க அக்கா கல்யாணம் முடிஞ்சிருந்தது. மிச்சமான பத்திரிகைக் கட்டு பரண் மேல கிடந்தது. ஒரு கட்டு பத்திரிகை, ஒரு கிண்ணம் மஞ்சள், கவர், பசை, ரெண்டு பேனா. அடுத்த சனிக்கிழமை மதியம் மறுபடி அதே ஷெட்!

முதல் ரவுண்டு

ஒரு நீள பெஞ்ச். அஞ்சு பேர். பத்திரிகையை மடிக்க லேத் ஓட்டற ஒரு பையன். மஞ்சள் தடவ வைண்டிங் பிரிவு அக்கா. கவரில் பேர் எழுத ஸ்டோர்ஸ் பார்க்கிறவர். உள்ளே போட அசெம்பிளி அண்ணன். ஒட்ட ஒரு ஹெல்பர். ஓனரை ஒரு நாற்காலியில் உட்கார வெச்சு, "நீங்கதான் பொண்ணோட அப்பா. பத்திரிகை வந்தாத்தான் நீங்க ஊருக்குக் கிளம்ப முடியும்"னு சொல்லிட்டோம். மனுஷன் நிஜமாவே டென்ஷன் ஆயிட்டார்.

மொத்தம் 20 பத்திரிகை. பத்து பத்தாத்தான் அடுத்தவங்ககிட்ட தள்ளணும். ஷெட்டில் அப்படித்தானே நடக்குது? ஷாஃப்ட் நாற்பது கடைஞ்சு முடிச்சாத்தான் அடுத்த மெஷினுக்குப் போகும்.

ஆரம்பிச்சாச்சு. பையன் சும்மா பறக்கறான். பத்தை மடிச்சுத் தள்ளிட்டு, அடுத்த பத்தையும் மடிச்சுட்டு, மீசையை முறுக்கறான். அக்கா பக்கத்துல குவியுது. பேர் எழுதறவருக்கு முன்னாடி அதைவிடக் குவியுது. நாலாவது ஆள் முதல் கட்டைக் கையில் எடுத்த பிறகுதான் கத்தினார்: "ஏம்ப்பா, பிள்ளையார் வெளிய தெரியணும்னுதானே சொன்னாங்க? உள்ள போயிட்டாரு!"

இருபதும் தப்பா மடிச்சிருந்தது. அதுல பாதிக்கு மேல மஞ்சளும் தடவியாச்சு. திருப்பி மடிச்சதில் மஞ்சள் மணமகன் பேர் மேலேயே அப்பிக்கிச்சு. 'பொண்ணோட அப்பா' கைக்கு முதல் பத்திரிகை வந்தப்போ பத்து நிமிஷம் தாண்டியிருந்தது.

யாரும் சிரிக்கலை. லேத் பையன் மெதுவாச் சொன்னான். "போன வாரம் நம்ம ஷாஃப்ட்டும் இப்படித்தானுங்கண்ணா." பேரிங் உட்கார்ற இடத்தில் சைஸ் குறைஞ்சு போன நாற்பது ஷாஃப்ட். மறுநாள் பேரிங் அடிக்கும்போதுதான் தெரிஞ்சதாம். எங்க 42 ஸ்லைடிலும் வராத வாக்கியம் அது!

ரெண்டாவது ரவுண்டு

அதே அஞ்சு பேர். ரெண்டு பேருக்கு நடுவுல சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டோம். ஒரே விதிதான். கட்டத்தில் ஒரு பத்திரிகை இருந்தா, அதை அடுத்தவர் எடுக்கிற வரைக்கும் நீங்க புதுசா வைக்கக் கூடாது. கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். ஜப்பான்ல 'கன்பான்'னு சொல்றது கிட்டத்தட்ட இதைத்தான். அடுத்தவருக்குத் தேவைன்னு தெரிஞ்சாத்தான் செய்யணும். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி காலியான அளவுக்கு மட்டும் திரும்ப நிரப்பறாங்கங்கிற விஷயத்தில் இருந்துதான் ஓனோ இந்த யோசனையைப் பிடிச்சார்.

ரெண்டு பத்திரிகை மடிச்சதுமே பையனுக்கு வேலை நின்னுடுச்சு. கையைக் கட்டிக்கிட்டு நிக்கறான். அவ்வளவுதான், பொண்ணோட அப்பா மறுபடி ஓனரா மாறிட்டார். "டேய், ஏன்டா சும்மா நிக்கறே? மடிடா!"

சார் சிரிச்சார். "அவன் மடிச்சா எங்க வைப்பானுங்க?"

ஓனர் பெஞ்சைப் பார்த்தார். குவியலே இல்லை. சொல்லி முடிக்கிறதுக்குள்ள முதல் பத்திரிகை அவர் மடியில் விழுந்தது. அதுக்கு மேல அவர் பேசலை.

இதுல மாயம் எதுவும் இல்லை. வெறும் கணக்கு. நீங்களே நோட்டில் போட்டுப் பாருங்க. மடிக்க 5 செகண்ட், மஞ்சளுக்கு 8, பேர் எழுத 15, உள்ளே போட 6, ஒட்ட 6. மொத்தம் 40 செகண்ட்னு வெச்சுக்கலாம். பத்து பத்தாத் தள்ளினா, தப்பே நடக்காட்டியும் முதல் பத்திரிகை கைக்கு வர 400 செகண்ட். அதாவது 6 நிமிஷம் 40 செகண்ட். இருபதும் முடிய 9 நிமிஷம் 10 செகண்ட். ஒண்ணொண்ணாத் தள்ளினா முதல் பத்திரிகை 40-வது செகண்டில் கையில். இருபதும் 5 நிமிஷம் 25 செகண்டில் முடிஞ்சிடும்.

யாரும் வேகமா வேலை பார்க்கலை, கவனிச்சீங்களா? யார் கையும் ஒரு செகண்ட்கூட கூடுதலா ஓடலை. பத்திரிகை காத்துக் கிடந்த நேரம்தான் போச்சு. பிள்ளையார் உள்ளே போனாலும், நாலாவது ஆள் பார்க்கும்போது லைனில் இருக்கிறது அஞ்சாறு பத்திரிகைதான். இருபதும் கெடாது.

மூணாவது ரவுண்டு... அந்தக் கேள்வி!

இங்கேதான் நான் ஹீரோ ஆகணும்னு முடிவு பண்ணினேன். பேர் எழுதறதுக்குத்தான் 15 செகண்ட் ஆகுது. மத்தவங்க எப்படியும் அவருக்காகக் காத்திருக்காங்க. அப்போ மடிக்கிறதையும் மஞ்சளையும் ஒருத்தரே செஞ்சா 13 செகண்ட். உள்ளே போடறதையும் ஒட்டறதையும் ஒருத்தரே செஞ்சா 12. ரெண்டுமே 15-க்குள்ள அடங்கிடுது. ஆக மூணு பேர் போதும்!

மஞ்சள் அக்காவையும் ஹெல்பரையும் எழுந்து ஓரமா நிக்கச் சொன்னேன். மூணு பேர் ஆடினாங்க. ஸ்டாப் வாட்சை நிறுத்தினேன். அஞ்சு பேர் எடுத்துக்கிட்ட அதே நேரம்! "பார்த்தீங்களா? ரெண்டு ஆள் மிச்சம்!"னு கத்தினேன். ஓனர் கை தட்டினார். நானும் தட்டினேன்.

ஓரமா நின்ன அக்கா கை தட்டலை. விரலில் இருந்த மஞ்சளை முந்தானையில் துடைச்சுக்கிட்டே, "ஏந்தம்பி, அப்ப நாங்க ரெண்டு பேரும் திங்கக்கிழமை வேலைக்கு வரட்டுமா, வேண்டாமா?"ன்னு கேட்டாங்க.

நம்புங்க பாஸ், அந்த நிமிஷம் ஷெட்டில் ஃபேன் ஓடற சத்தம் மட்டும்தான் கேட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். 'மல்டி ஸ்கில்லிங்'னு ஒரு வார்த்தை வெளியே வந்தது. அக்கா என்னைப் பரிதாபமாப் பார்த்தாங்க. சார் என் பக்கம் திரும்பவே இல்லை. ஓனரையே பார்த்துக்கிட்டு நின்னார்.

ஓனர் உடனே பதில் சொல்லலை. டீ சொல்லி அனுப்பினார். டீ வந்தது, குடிச்சார், டம்ளரை வெச்சார். "அம்மிணி, இந்த விளையாட்டுனால யாரையும் நிறுத்த மாட்டனுங்க. ரிப்பேருக்கு வந்த பம்பு ஒரு மூலை நெறையக் கெடக்குது. பார்க்க ஆளில்லைன்னு வாரக்கணக்காப் பதில் சொல்லிட்டிருக்கறேன். மிச்சமாகற ஆளு அதைப் பார்க்கட்டும்."

"சொன்னாப் பத்தாதுங்கண்ணா. எழுதிப் போடுங்க."

எழுதினார். டார்கெட் எழுதற கரும்பலகையில், அன்னிக்கு எண்ணிக்கைக்கு மேலேயே. 'வேலை மிச்சமானா ஆளை நிறுத்த மாட்டோம்.'

அதுக்கப்புறம் நடந்ததுதான் நிஜப் பாடம். அந்த அக்கா வாயைத் திறந்தாங்க. வைண்டிங் முடிஞ்ச ஸ்டேட்டரைத் தூக்கிக்கிட்டு ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஷெட்டோட அந்தக் கோடிக்குப் போறாங்கன்னு கணக்குச் சொன்னாங்க. வருஷக்கணக்கா அந்தக் கணக்கு அவங்க மனசுல இருந்திருக்கு. யாரும் கேட்கலை. கேட்டிருந்தாலும், "நடை குறைஞ்சா ஆளைக் குறைப்பாங்களோ"ன்னு சொல்லியிருக்க மாட்டாங்க. அடுத்த வாரமே வைண்டிங் மேஜை அசெம்பிளிக்குப் பக்கத்தில் வந்தது. நாற்பது ஷாஃப்ட்டுக்குப் பதிலா அஞ்சு மட்டும் கொள்ளற ஸ்டாண்டு ஒண்ணை வெல்டிங் பையனே பழைய ஆங்கிளில் அடிச்சுக் கொடுத்தான். தரையில் மஞ்சள் பெயின்ட்டில் கட்டம். காஸ்டிங் பெரியவர் அதுக்கு 'பிள்ளையார் கட்டம்'னு பேரே வெச்சுட்டார்!

நான் ஃபெயிலான இடம்

இதோட நிறுத்தினா இது வெற்றிக் கதை. ஆனா மிச்சத்தையும் சொல்லணும்.

2016. படிப்பு முடிஞ்சு இதையே வேலையா எடுத்துக்கிட்டேன். சார் கூட வரலை. வேற ஊர், வேற ஷெட். அதே பத்திரிகை, அதே மஞ்சள். மூணு ரவுண்டும் பிரமாதமா நடந்தது. அன்னிக்கு அந்தக் கேள்வியை யாரும் கேட்கலை. நானும் எடுக்கலை. கேட்டா ஓனர் முகம் சுளிப்பார், அடுத்த ஆர்டர் கிடைக்காதுன்னு ஒரு பயம். கை தட்டல் வாங்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

மூணு மாசம் கழிச்சு எட்டிப் பார்க்கப் போனேன். தரையில் நாங்க போட்ட கட்டம் மேலேயே அட்டைப் பெட்டி குவிஞ்சு கிடந்தது. பெஞ்சில் நான் நிக்க வெச்ச அதே ரெண்டு பேரைக் காணோம். நான் போன அடுத்த வாரமே கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்களாம். வயசான ஒரு ஃபிட்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். "தம்பி, வேகமாப் பண்ணினா ஆளு போறான். மெதுவாப் பண்ணினா இருக்கான். இதுல எதை நாங்க கத்துக்கணும்?"

அவருக்கும் என்கிட்ட பதில் இல்லை. அந்த ரெண்டு பேரை வெளியே அனுப்பினது ஓனர்தான். ஆனா ஸ்டாப் வாட்சைப் பிடிச்சிருந்தது என் கை.

அன்னிக்கு ராத்திரிதான் டொயோட்டா வரலாற்றை ஒழுங்காப் படிச்சேன். பரீட்சைக்குப் படிச்சப்போ தாண்டிப் போன பக்கங்கள். போருக்குப் பிந்தின ஜப்பானில் டொயோட்டா ஒண்ணும் ராட்சசக் கம்பெனி இல்லை. 1949-50-ல் திவாலாகிற நிலைமை. ஆயிரத்துக்கும் மேல தொழிலாளிங்க வெளியே போக வேண்டி வந்தது. பெரிய போராட்டம் வெடிச்சது. கம்பெனியை ஆரம்பிச்ச கீச்சிரோ டொயோடாவே 1950-ல் பொறுப்பேத்துக்கிட்டுத் தலைவர் பதவியை விட்டு விலகினார். அந்தக் காயத்துக்குப் பிறகுதான், இருக்கிறவங்களுக்கு வேலை நிலைக்கும், பதிலுக்கு அவங்க வேலை முறையை மாத்தறதுக்கு ஒத்துழைப்பாங்கன்னு அங்கே ஓர் உடன்பாடு வேர் விட்டது. நாம இன்னிக்குப் படிக்கிற கன்பானும் கைசனும் அந்த மண்ணுல வளர்ந்தது. நான் மண்ணை விட்டுட்டு செடியை மட்டும் பிடுங்கிட்டு வந்து நட்டிருக்கேன். வாடாம என்ன பண்ணும்?

அதுல இருந்து எனக்கு ஒரு விதி. முதல் ரவுண்டுக்கு முன்னாடியே ஓனரைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டுடுவேன். "ஆள் மிச்சமானா என்ன பண்ணுவீங்க? அதை எல்லாருக்கும் முன்னாடி சொல்வீங்களா?" 'சொல்வேன்'னா மூணு ரவுண்டு. 'பார்க்கலாம்'னா ரெண்டே ரவுண்டு. மூணாவதை ஆட மாட்டேன். இதனால சில வேலை கை நழுவியிருக்கு. பரவாயில்லை.

இனி உங்க ரவுண்டு!

ஹாஸ்டலில் இன்னிக்கு ராத்திரியே ஆடிப் பாருங்க. கல்யாணப் பத்திரிகை கிடைக்கலைன்னா பழைய ரெக்கார்டு நோட்டுத் தாள் போதும். மஞ்சளுக்குப் பதிலா ஸ்கெட்ச் பேனாவால நாலு மூலையிலும் புள்ளி. அஞ்சு பேர், ஒரு செல்போன் ஸ்டாப் வாட்ச். முதல்ல பத்து பத்தா, அடுத்து கட்டம் போட்டு ஒண்ணொண்ணா. நடுவுல ஒரு தப்பை வேணும்னே நுழைச்சு, எத்தனை தாள் கெட்டதுன்னு எண்ணுங்க. புத்தகத்தில் நாலு சாப்டர் சொல்றதை அரை மணி நேரத்தில் கை சொல்லிடும்.

அப்புறம் உங்க காலேஜ் கேட்டுக்கு வெளியே பாருங்க. பத்துப் பதினஞ்சு பேர் வேலை பார்க்கிற ஷெட் ஒண்ணாவது இருக்கும். புராஜெக்ட்டை யாரோ பண்ணினதை வாங்கி பைண்டிங் பண்றதுக்குப் பதிலா அங்கே போய் நில்லுங்க. சின்னக் கம்பெனிகளுக்கு லீன் கத்துக் கொடுக்க மத்திய அரசு 2009-லேயே ஒரு சோதனைத் திட்டம் ஆரம்பிச்சது. 2023 மார்ச்சில் அதையே மாத்தி அமைச்சு, ஆலோசனைச் செலவில் 90 சதவிகிதம் வரை அரசே ஏத்துக்கும்னு அறிவிச்சது. ஓனர் 'காசு இல்லைங்க'ன்னு சொன்னா இதை எடுத்து விடுங்க. ஸ்லைடு மட்டும் வேண்டாம், ப்ளீஸ்!

போறதுக்கு முன்னாடி அந்த அக்கா கேட்ட கேள்விக்கு ஒரு பதிலைத் தயாரா வெச்சுக்கிட்டுப் போங்க. உங்ககிட்ட யாரும் கேட்காட்டியும் நீங்களே கேளுங்க.

அந்த பம்ப் ஷெட்டுக்கு இப்பவும் எப்பவாவது போவேன். கரும்பலகையில் எண்ணிக்கை தினமும் மாறும். மேல இருக்கிற அந்த ஒரு வரியை மட்டும் யாரும் அழிக்கிறதில்லை. சாக்பீஸ் மங்கினா, அக்காவே ஸ்டூல் போட்டு ஏறி மறுபடி எழுதிடறாங்களாம்.